அத்தியாயம் 6: ஐயாயிரம் துண்டுக்கு ஒரு கூடம்

எங்கள் வீட்டுப் பரணில் மூவாயிரம் துண்டு ஜிக்சா ஒன்று ஆறு வருடமாகக் கிடக்கிறது. ஏரி, மலை, ஏரியில் விழுந்த மலையின் நிழல், மேலே மேகமே இல்லாத வானம். சாப்பாட்டு மேசையில் மொத்தமாகக் கொட்டினோம். கைக்கு வந்த துண்டை எடுத்து, பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். நான்காம் நாள் ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள், மேசை தேவைப்பட்டது. சேர்த்த நூறு நூற்றைம்பது துண்டுகளையும் சேராதவற்றையும் ஒரு போர்வையில் மூட்டை கட்டினோம். அந்த மூட்டையை யாரும் அவிழ்க்கவே இல்லை.

அதற்கப்புறம் வாங்கியது ஐயாயிரம் துண்டு. அதை மே மாதம் தொடங்கி, நவராத்திரிக் கொலுவுக்குக் கூடம் தேவைப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் முடித்தோம். இடையில் எங்கள் புத்தி ஒன்றும் கூர்மையாகிவிடவில்லை, ஏற்பாடுதான் மாறியிருந்தது. பெரிய ஜிக்சாவை வீட்டோடு முடிக்க மூன்று ஏற்பாடுகள் வேண்டும்: மாதக்கணக்கில் கிடக்க ஓர் இடம், ஒழுங்காகப் பிரித்த தட்டுகள், அந்தத் தட்டுகளுக்கு வீட்டில் எல்லோரும் சொல்லும் ஒரே பெயர். முதல் இரண்டையும் கடைக்காரரே சொல்லிவிடுவார். மூன்றாவதை நாங்கள் பாதி வேலைக்கு மேல்தான் கண்டுபிடித்தோம். நீங்கள் முதல் நாளே செய்துவிடலாம்.

எத்தனை துண்டு வாங்குவது?

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட துண்டுக் கணக்கை விட்டுவிட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் சென்டிமீட்டரைப் பாருங்கள். வழக்கமான அளவுகள் இவை:

- 1,000 துண்டு: சுமார் 70 × 50 செ.மீ.
- 2,000 துண்டு: சுமார் 98 × 75 செ.மீ.
- 3,000 துண்டு: சுமார் 121 × 80 செ.மீ.
- 5,000 துண்டு: சுமார் 153 × 101 செ.மீ.

இது முடிந்த படத்தின் அளவு மட்டும்தான். சேராத துண்டுகள் படம் மேலாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் கிடக்க இதைப்போல் இன்னொரு மடங்காவது இடம் வேண்டும். தட்டுகளை அடுக்கி வைக்க முடிந்தால் அந்த இன்னொரு மடங்கு மிச்சம்.

இதுவரை ஜிக்சா பக்கமே போகாத வீடு என்றால் ஆயிரத்தில் தொடங்குங்கள். ஆயிரத்தை ஒரு தடவை முடித்த வீடு மூவாயிரத்துக்குப் போகலாம். ஐயாயிரத்துக்குக் குறைந்தது மூன்று பேராவது தினம் எட்டிப் பார்க்கிற வீடாக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரியதும் விற்கிறார்கள். ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட டிஸ்னி படப் புதிரில் 40,320 துண்டுகள். முடித்தால் நீளம் 6.8 மீட்டர், உயரம் 1.92 மீட்டர். கேட்டவுடன் தலை சுற்றும். ஆனால் பெட்டிக்குள்ளே அது பத்துப் பைகளாகப் பிரிந்து வருகிறது. அமெரிக்காவின் டௌடில் நிறுவனத்தின் 60,000 துண்டுப் புதிரும் ஆயிரம் ஆயிரமாக 60 பைகள்தான். கல்யாண வீட்டில் ஆயிரம் இலைக்கு ஒரே அண்டாவில் சமைப்பதில்லையே, அந்தக் கதைதான். வியட்நாமில் ஹோ சி மின் நகரப் பொருளாதாரப் பல்கலைக்கழக மாணவர்கள் 1,600 பேர் 2011 செப்டம்பர் 24 அன்று 5,51,232 துண்டுகள் கொண்ட புதிரைச் சேர்த்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அதையும் 3,132 பகுதிகளாக, பகுதிக்கு 176 துண்டாகப் பிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். ஒரு பள்ளிப் பிள்ளை ஒரு சாயங்காலத்தில் முடிக்கும் அளவு அது. பெரிய புதிர் என்று தனியாக ஒன்று கிடையாது. சின்னப் புதிர்கள் பலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் பெரிய புதிர்.

எந்தப் படம்?

ஒரே நீல வானம், ஒரே பச்சைப் புல்வெளி, பனி மலை, கடல் எல்லாம் சுவரில் மாட்ட அழகு, மேசையில் சேர்க்கச் சித்திரவதை. எங்கள் பரண் பெட்டியே சாட்சி. படத்தின் எந்த மூலையில் விரலை வைத்தாலும் அங்கே தனியாகச் சொல்ல ஒரு சங்கதி இருக்க வேண்டும்.

நாங்கள் எடுத்தது பீட்டர் ப்ரூகல் 1563-இல் வரைந்த ‘பாபேல் கோபுரம்’. மூல ஓவியம் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அளவு 155 × 114 செ.மீ. ஐயாயிரம் துண்டுப் புதிரும் ஏறக்குறைய அந்த அளவுதான் என்பதால், ஓவியர் தூரிகை வைத்த அதே பரப்பில் நாமும் கை வைக்கிறோம். இடது கீழ் மூலையில் மேற்பார்வைக்கு வந்த ராஜா, காலில் விழும் கல் தச்சர்கள். வலது பக்கம் துறைமுகம், கப்பல்கள். இடது பக்கம் ஓடு வேய்ந்த நகரம். நடுவில் மேகத்தைத் தொடும் கோபுரம், மேல்பகுதியில் பூச்சு இல்லாமல் சிவந்து தெரியும் செங்கல். வானம் உண்டு, ஆனால் படத்தின் மேற்பகுதியோடு சரி.

அந்தக் கோபுரத்தின் கதை தெரிந்ததுதான். கட்டிக்கொண்டிருந்தவர்களின் மொழி குழம்பிப்போய், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல், வேலை நின்றுபோனது. அதே வம்பு எங்கள் கூடத்திலும் நடக்கும் என்று வாங்கும்போது தோன்றவில்லை.

கிடக்க ஓர் இடம்

சாப்பாட்டு மேசையை நம்பாதீர்கள். ஒரு பலகை வாங்குங்கள். ஐயாயிரம் துண்டுக்கு ஆறடிக்கு நாலடி பிளைவுட் போதும். 183 × 122 செ.மீ. வருவதால் படத்தைச் சுற்றி ஏறக்குறைய அரைச் சாண் மிச்சம் இருக்கும். 6 மி.மீ. கனத்தில் வாங்கினால் தூக்கும்போது நடுவில் தொய்யும். 9 மி.மீ. சரியாக இருக்கும்.

அடுக்குமாடி வீடு என்றால் ஒரே பலகையாக வாங்க வேண்டாம். நாலடிக்கு மூன்றடியாக இரண்டு துண்டு அறுத்துத் தரச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதே ஆறடிக்கு நாலடி. லிஃப்டில் ஏறும், கட்டிலுக்கு அடியில் தள்ளலாம், கூடம் தேவைப்பட்டால் படத்தை நடுக்கோட்டில் மட்டும் பிரித்து இரண்டு பலகையையும் நகர்த்தலாம். அறுத்த ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், சிராய் குத்தும்.

பலகையின் மேல் கறுப்போ கரும்பச்சையோ சார்ட் பேப்பரை ஒட்டுங்கள். பளபளப்பில்லாத தாளாக இருக்கட்டும். அடர்ந்த நிறத்தின் மேல்தான் விட்டுப்போன ஓட்டைகள் பளிச்சென்று தெரியும்.

வெளிச்சம் பலகைக்கு நேர் மேலிருந்து விழக் கூடாது. அச்சின் பளபளப்பில் டியூப்லைட் கோடு கோடாகத் தெரிந்து கண்ணைப் பறிக்கும். இரண்டு பக்கமும் சாய்வாக விழும் வெள்ளை விளக்குகள் நல்லது. மஞ்சள் பல்பின் கீழே வெளிர் நீலமும் சாம்பலும் ஒன்றாகிவிடும். அறுபது தாண்டிய கண்ணுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், அவர்கள் பக்கம் ஒரு விளக்கைக் கூட்டி வையுங்கள். பலகையை மேசை உயரத்துக்குத் தூக்கி வைத்தால் முழங்கால் வலிக்காரர்களும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். தரையில் விரித்தால் பிள்ளைகளோடு நின்றுவிடும்.

பிரிப்பது ஏன்? ஒரு கணக்கு

‘இவ்வளவையும் பிரித்து வைக்கவே ஒரு வாரம் ஆகுமே’ என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

குவியலில் ஒரு துண்டின் ஜோடியைத் தேட, மோசமான நேரத்தில், மீதி எல்லாத் துண்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆயிரம் துண்டில் எல்லா ஜோடிகளையும் ஒப்பிட்டால் சுமார் 5 லட்சம் பார்வை. ஐயாயிரத்துக்கு 25 லட்சம் என்று நினைப்போம், அங்கேதான் ஏமாறுகிறோம். ஐயாயிரத்துக்கு 1 கோடியே 25 லட்சம். துண்டு ஐந்து மடங்கானால் தேடல் இருபத்தைந்து மடங்காகிறது.

இப்போது அதே ஐயாயிரத்தைப் பத்துத் தட்டாக, தட்டுக்கு ஐந்நூறாகப் பிரியுங்கள். ஒரு தட்டுக்கு 1 லட்சத்து 25 ஆயிரம், பத்துத் தட்டுக்கும் சேர்த்து 12 லட்சத்து 50 ஆயிரம். பத்தில் ஒரு பங்கு. இதற்குக் கொடுத்த விலை, ஒவ்வொரு துண்டையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்து ஒரு தட்டில் போட்டது மட்டும்தான். நடைமுறையில் கண் இதைவிடச் சாமர்த்தியமானது, எல்லாவற்றையும் ஒப்பிடாது. ஆனாலும் விகிதம் இதுதான். பரண் பெட்டியில் நாங்கள் தோற்றது இந்தக் கணக்கில்.

பெட்டி திறக்கும் நாள்

பையை வெறும் தரையில் பிரிக்காதீர்கள். பெரிய தாம்பாளத்துக்குள் வைத்துப் பிரியுங்கள். காலிப் பையை உதறி, அதன் மூலைகளில் விரலை விட்டுப் பாருங்கள். துண்டுகள் ஒளிந்திருக்கும். அடியில் சேரும் அட்டைத்தூளைச் சல்லடையில் சலித்துக் கொட்டிவிடுங்கள், தும்மல் குறையும்.

பல பெரிய புதிர்களில் ஒரே வெட்டு அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அதனால் முதல் பையின் துண்டு மூன்றாம் பையில் அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும், படம் மட்டும் சேராது. பல பைகளாக வந்தால் ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைப் பிரியுங்கள்.

தட்டுக்குக் கடைக்கு ஓட வேண்டாம். இனிப்புக்கடை அட்டைப் பெட்டிகளின் மூடியும் அடியும் அருமையான தட்டுகள். துண்டுகள் படம் மேலாகக் கிடக்கும், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கவும் வரும். முறத்தைச் சிலர் எடுப்பார்கள். ஒரு பக்கம் திறந்திருப்பதால் தூக்கிய மாத்திரத்தில் சரியும். அதை அரிசிக்கே விட்டுவிடுங்கள்.

முதல் சுற்றில் நேர்க்கோட்டு விளிம்புள்ள ஓரத் துண்டுகளை மட்டும் எடுங்கள். துண்டுகளைச் சதுரம் என்று வைத்துக்கொண்டால், ஐயாயிரத்தில் ஓரம் சுமார் 280 வரும். நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. அதனால் ‘ஓரம் முடித்தால் பாதி முடித்தது’ என்பதெல்லாம் ஆயிரம் துண்டோடு சரி. ஓரத்தைச் சேர்ப்பது பலகையில் எல்லை போடத்தான். அதில் நாலைந்து இடைவெளி விழுந்தால் விட்டுவிட்டு உள்ளே போங்கள். சட்டம் சரியாக நீள் சதுரத்துக்கு வராமல் ஒரு துண்டு கூடவோ குறையவோ இருந்தால், எங்கோ தப்பான ஜோடி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் சுற்று நிறம். இங்கேதான் எங்கள் பாபேல் தொடங்கியது.

பெயர் வையுங்கள்

நான் ‘பிரவுன்’ என்று எழுதி ஒரு தட்டு வைத்தேன். கோபுரம் முழுக்கவே பிரவுன்தான் என்பதால் முதல் நாளே அதில் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்தது. என் மகன் ‘லைட் பிரவுன்’ என்று ஒன்று பிரித்தான். அவன் லைட் என்றது எனக்கு டார்க். என் மனைவி ‘செங்கல்’ என்று மூன்றாவது வைத்தாள். அதில் நகரத்து ஓடுகளும் போய் விழுந்தன. ஜூன் முடிவதற்குள் ஒரே துண்டை மூன்று பேர் மூன்று தட்டில் தேடிக்கொண்டிருந்தோம். எல்லோரும் பேசியது தமிழ்தான், ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு எட்டவில்லை.

ஜூலையில் பெரியம்மா வந்து தங்கினார். ஜிக்சாவைப் பார்த்ததே இல்லை. முப்பது வருடம் பட்டுச்சேலை வாங்கியும் வாங்கிக்கொடுத்தும் பழகியவர். பிரவுன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கிளறினார்.

“இது என்னடா ஒரே தட்டுல போட்டிருக்கீங்க? இது அரக்கு. இது வெங்காயச் சருகு. இது காப்பிக்கொட்டை. இது சந்தனத்துல கொஞ்சம் அழுக்கு.”

“பாட்டி, எல்லாம் பிரவுன்தானே?”

“ஜவுளிக்கடையில போய் பிரவுன் சேலை காட்டுன்னு கேட்டுப் பாரு. எந்த பிரவுன்னு திருப்பிக் கேப்பான்.”

அன்றைக்கு ஆயிரம் துண்டுத் தட்டு நான்காகப் பிரிந்தது. மேல்பகுதிச் செங்கல் அரக்கு. வளைவுகளின் வெளிப்பூச்சு சந்தனம். வளைவுகளுக்குள் விழுந்த நிழல் காப்பிக்கொட்டை. நகரத்து ஓடு வெங்காயச் சருகு. மற்றத் தட்டுகளுக்கும் அப்படியே: கடல் மயில்கழுத்து, வானத்தின் அடிப்பகுதி மோர். நிறத்துக்குத் தமிழில் இத்தனை சொல் இருக்கும்போது ‘லைட்’, ‘டார்க்’ என்று இரண்டை வைத்துக்கொண்டு திண்டாடினோம். பொருளின் பெயரால் சொன்ன நிறம் எல்லோர் மனதிலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. வெங்காயச் சருகு என்றால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது, சமையலறையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு தட்டுக்கும் வீட்டில் எல்லோரும் கண்ணால் கண்ட ஒரு பொருளின் பெயரை வைத்து, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கூடவே மாதிரிக்கு ஒரு துண்டைப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் டேப்பால் ஒட்டி வையுங்கள், கடைசியில் பிரித்துக்கொள்ளலாம். இருநூறைத் தாண்டும் தட்டை மறுபடி பிரியுங்கள்.

படத்துக்கும் பெயர் வேண்டும். பெட்டி மூடியைப் படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் ஏ3 அளவில் கலரில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அதில் பேனாவால் எல்லை போட்டு ஊர்ப் பெயர் வைப்பதுபோல வையுங்கள்: ராஜா மூலை, துறைமுகம், ஓட்டு வீதி, முதல் மாடி, இரண்டாம் மாடி. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற செதுக்கோவியர் மரப்பலகையில் ஒட்டி அறுத்து விற்ற, முதல் ஜிக்சா என்று சொல்லப்படுவதே தேசப்படம்தான், பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க. படத்தை நாம் மறுபடி தேசப்படமாக்குகிறோம். ‘அந்தப் பக்கம், மேலே, கொஞ்சம் இந்தாண்ட’ என்ற பேச்சுக்கு வேலையில்லை. ‘இரண்டாம் மாடியில் ஒரு காப்பிக்கொட்டை வேண்டும்’ என்றால் எதிரில் இருப்பவர் எடுத்து நீட்டிவிடுவார்.

துண்டின் முகம்

நீட்டிக்கொண்டிருப்பதை மூக்கு என்றும், உள்வாங்கியிருப்பதைக் குழி என்றும் வைத்துக்கொள்வோம். வரிசை வரிசையாக வெட்டிய புதிரில் உள் துண்டுகள் ஆறே வகை: நான்கு மூக்கு, மூன்று மூக்கு, எதிரெதிரே இரண்டு, அடுத்தடுத்து இரண்டு, ஒரே மூக்கு, மூக்கே இல்லாதது. இதில் அதிகம் கிடைப்பது எதிரெதிரே இரண்டு மூக்குள்ள துண்டு. எங்கள் வீட்டில் நான்கு மூக்குக்கு நண்டு, மூக்கே இல்லாததற்கு ஜன்னல் என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள்.

நிறத்தால் வேலை ஓடும்வரை வடிவத்தால் பிரிக்க வேண்டியதில்லை. வானம், கடல் போன்ற ஒரே நிறப் பரப்புக்கு வரும்போது அது மட்டும்தான் வழி. வானத் தட்டை ஆறு வரிசையாக அடுக்குங்கள். நிரப்ப வேண்டிய ஓட்டையைச் சுற்றிப் பார்த்தால் எந்த வகை வேண்டும் என்று தெரிந்துவிடும். இரண்டு பக்கமாவது மூடியிருக்கும் ஓட்டையாகத் தேர்ந்தெடுங்கள். அந்த வகை வரிசையை மட்டும், முதலிலிருந்து ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். பொருந்தாததைத் தலைகீழாக்காமல் இன்னொரு பக்கமாக வரிசையில் வையுங்கள். நடுவில் எழுந்து போனாலும் அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நிற வித்தியாசம் கண்ணுக்கே பிடிபடாவிட்டால், வானத் துண்டுகளைப் போனில் படம் எடுத்து, எடிட்டில் நிறச் செறிவைக் கூட்டிப் பாருங்கள். மேல் வானமும் அடி வானமும் பிரிந்து தெரியும்.

உட்காரும் முறை

ஐயாயிரம் துண்டை யாரும் ஒரே மூச்சில் முடிப்பதில்லை. வீட்டில் வருகிறவர் போகிறவர் பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ப்பதுதான். அதற்குத் தகுந்த சில கட்டுப்பாடுகள்:

1. ஒருவர் முன்னால் இருக்கும் தட்டைக் கேட்காமல் இழுக்கக் கூடாது.
2. எழுந்து போகும்போது தட்டு அதன் அடுக்குக்குப் போக வேண்டும்.
3. சின்னவர்கள் தேடிக்கொண்டிருக்கும் துண்டு உங்கள் கண்ணில் பட்டால், வாயை மூடிக்கொண்டு அந்தத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்துங்கள். எடுத்து வைத்துவிட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் வராது.
4. காப்பி, முறுக்கு, எண்ணெய்க் கை எல்லாம் பலகைக்கு வெளியே. டம்ளருக்குத் தனி ஸ்டூல்.
5. வானத்துக்கு முறை வையுங்கள். ஆளுக்கு இருபது துண்டு வைத்துப் பார்த்துவிட்டு, விருப்பமான இடத்துக்குப் போய்விடலாம். ஒருவரையே வானத்தில் உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் ஆள் காணாமல் போய்விடுவார்.
6. விருந்தாளி வந்தால் பலகையை ஒளிக்காதீர்கள். ஒரு துண்டு வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பெயர் ஒட்டிய தட்டு இருந்தால் புதியவருக்கும் கை ஓடும்.

யார் எதில் கெட்டி என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் நிறம் பெரியம்மாவுடையது, மகன் வடிவத்தை மட்டும் பார்ப்பான், கோபுரத்து வளைவுகளை எண்ணி எண்ணி இடம் சொல்வது மனைவி. நான் பெரும்பாலும் தட்டு எடுத்துக் கொடுத்தேன். அதுவும் ஒரு வேலைதான்.

பொய்ப் பொருத்தம்

துண்டு உட்கார்ந்துவிட்டது என்பதற்காக அது அந்த இடத்துக்குரியது என்று நம்பாதீர்கள். மூன்று சோதனைகள் உண்டு. சேர்ந்த கோட்டின் மேல் விரல் நுனியால் வருடுங்கள், மேடு தட்டக் கூடாது. படத்தின் கோடு, நிழல், தூரிகை இழுப்பு எல்லாம் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு முறியாமல் ஓட வேண்டும். சந்தேகமிருந்தால் நாலைந்து துண்டாகச் சேர்த்துத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடியுங்கள், வெளிச்சம் கசியும் ஜோடி பொய். ஒரு பொய்த் துண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தால் இரண்டு இடம் கெடும்: அது இருக்கும் இடமும், அது போயிருக்க வேண்டிய இடமும்.

தனியாகச் சேர்ந்த பகுதியைப் பலகையில் அதன் இடத்துக்குக் கொண்டுபோக, அடியில் பட்டர் பேப்பரை நுழைத்து இழுங்கள். கையால் தூக்கினால் நடுவில் முறியும்.

தினமும் முடித்ததும் பலகையை ஒரு சார்ட் பேப்பரால் மூடி, அதன் மேல் பழைய பெட்ஷீட்டைப் போடுங்கள். மின்விசிறிக் காற்று துண்டைத் தூக்காது, தூசியைக் கொண்டுவந்து கொட்டும். பூனையும் பல்லியும் அவரவர் வீட்டு நிலவரம். மழை நாட்களில் அட்டை ஈரத்தை இழுத்து உப்பும். ஜன்னல் ஓரத்தில் வைத்த துண்டு பொருந்தாமல் முரண்டு பிடித்தால் அழுத்தாதீர்கள், உலர்ந்த அறையில் ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கூடத்தைப் பெருக்கினால் குப்பையைக் கொட்டும் முன் ஒரு பார்வை பார்ப்பதை வீட்டு வழக்கமாக்குங்கள்.

ஒரு துண்டு குறைந்தால்

முடிவில் ஒரு ஓட்டை மிச்சம் நின்றால் முதலில் எல்லோருடைய சட்டைப் பையையும் பாருங்கள். கடைசித் துண்டைத் தானே வைக்க வேண்டும் என்று ஒளித்து வைக்கும் ஆள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. பிறகு சோபா இடுக்கு, பலகையின் அடிப்பக்கம், பாய்ச்சுருள். சில தயாரிப்பாளர்கள் விட்டுப்போன துண்டை அனுப்பித் தருவார்கள், அதற்குப் பெட்டியின் குறியீட்டு எண் வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

எதுவும் பலிக்கவில்லையென்றால் அந்தத் துண்டை நீங்களே செய்துவிடுங்கள். எங்களுக்கு ராஜா மூலையில், ராஜாவின் அங்கிக்குக் கொஞ்சம் கீழே ஒன்று விட்டுப்போனது. ஓட்டையின் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தால் விளிம்பு அப்படியே பதியும். அதை நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டி, பழைய துண்டின் கனம் வரும்வரை இன்னொரு அட்டையும் சேர்த்து ஒட்டி, காய்ந்ததும் பிளேடால் வெட்டினோம். மூக்கு இரண்டு தடவை தப்பியது, மூன்றாவது உட்கார்ந்தது. மகள் வாட்டர்கலரில் புல்லையும் மண்ணையும் வரைந்தாள். பார்த்த உடனே தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ராஜாவை விட்டுவிட்டு அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

முடிந்த பிறகு

ஒட்டிச் சுவரில் மாட்டலாம். ஐந்தடிச் சுவரும், சட்டம் போட ஆகும் செலவும் இருந்தால் தாராளமாக. நான் சொல்வது கலைத்துவிடுங்கள் என்பது. அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மலிவான அட்டை ஜிக்சாக்கள் வீடு வீடாகப் பரவின. அதையும் விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு நூலகங்களும் மருந்துக் கடைகளும் வாடகைக்குக் கொடுத்தன. ஒரு பெட்டி பல வீட்டுக் கூடங்களைப் பார்த்தது. அது நல்ல வழக்கம்.

ஒரு வாரம் வைத்திருந்து எல்லோரும் பார்த்த பிறகு, படம் எடுத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கலையுங்கள். ஒட்டிக்கொண்ட ஜோடிகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவருக்கு ஓசியில் ஐம்பது துண்டு சேர்ந்துவிடும். கெட்டியான பையில் போட்டு, ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். எங்கள் சீட்டில் தொடங்கிய தேதி, முடித்த தேதி, உட்கார்ந்தவர்களின் பெயர்கள், ‘அசல் 4,999, கைவேலை 1’ என்ற கணக்கு இருந்தது. பெட்டி இப்போது என் மைத்துனர் வீட்டில் இருக்கிறது.

தட்டுகளில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளையும் அனுப்பிவிடலாம் என்று மகன் எடுத்து வந்தான். பெரியம்மா வாங்கிக் கிழித்துப் போட்டார். “அவங்க வீட்டுல என்ன சேலை கட்டுறாங்களோ, அதைப் பார்த்து அவங்களே வெச்சுக்கட்டும்” என்றார். நீங்களும் அனுப்பாதீர்கள்.